கடல் கொண்டவர் குடும்பமும் சர்க்கார் கருவூலமும்

நிலத்தில் மாண்டவனுக்கு ஊரார் சாட்சி. நோயில் கிடந்து இறந்தவனுக்கு வைத்தியர் சாட்சி. போர்க்களத்தில் வீழ்ந்தவனுக்கு உடன் நின்ற வீரர் சாட்சி. மூழ்கிய கப்பலோடு போனவனுக்கோ சாட்சி சொல்லத்தக்கவர் அனைவரும் அவனுடனேயே போய்விடுகின்றனர். ஆகையால் அவனுடைய மனைவி, புருஷனை இழந்த துயரத்தோடு, இழந்தாள் என்பதை ருசுப்படுத்தும் சுமையையும் சேர்த்துத் தாங்க வேண்டியவளாகிறாள். ராஜாங்கங்கள் கப்பற்படை வைத்து ஆளத் தொடங்கிய நாள் முதல், இவளுக்கு எவ்வளவு கொடுப்பது, யார் பணத்திலிருந்து கொடுப்பது, எந்த அத்தாட்சியின் மேல் கொடுப்பது என்னும் மூன்று கேள்விகள் அவற்றின் முன் ஓயாமல் எழுந்து வந்திருக்கின்றன. இக்கேள்விகளுக்கு இங்கிலாந்து தேசம் நாலு நூற்றாண்டுகளாகக் கூறி வந்த விடைகளை எடுத்து ஆராய்வது நமக்குப் பொருத்தமற்றதன்று. ஏனெனில் அத்தேசத்துக் கடற் சட்டங்களே பிற்காலத்தில் நம் நாட்டுச் சட்டப் புத்தகங்களிலும் குடியேறின. அவற்றின் குணமும் குற்றமும் இன்றளவும் நம் கரையோரத்துக் குடும்பங்களைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

1588ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்துப் பெருங்கடற்படை முறியடிக்கப்பட்டபோது, வெற்றி கொண்டாடிய இங்கிலாந்தின் துறைமுகங்களில், அவ்வெற்றியைத் தேடித் தந்த மாலுமிகள் பட்டினியாலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்தனர். அரசியின் கருவூலம் அவர்களுக்காகத் திறக்கவில்லை. அந்நிலையில் டிரேக், ஹாக்கின்ஸ் முதலிய கடற்படைத் தலைவர்களின் முயற்சியால் ஏற்பட்டதாகச் சொல்லப்படுவதே சாத்தம் பெட்டி என்னும் நிதி. மாதம் பத்து ஷில்லிங் சம்பளம் பெற்ற மாலுமியிடமிருந்து மாதந்தோறும் ஆறு பென்ஸ், அதாவது சம்பளத்தில் இருபதில் ஒரு பங்கு, பிடிக்கப்பட்டுச் சாத்தம் துறைமுகத்தில் ஒரு பெட்டியில் சேர்க்கப்பட்டது. கையோ காலோ இழந்தவனுக்கு ஆண்டுக்கு ஆறு பவுன் பதின்மூன்று ஷில்லிங் நாலு பென்ஸ் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. நிதியின் முதல் நோக்கம் ஊனமுற்றோரைக் காப்பதே. இறந்தவரின் மனைவி மக்களுக்குக் கிடைத்தது, மிஞ்சியபோது அளிக்கப்பட்ட சிறு தொகையே. ஐந்து பூட்டும், வெவ்வேறு உத்தியோகஸ்தர் கையில் ஐந்து சாவியும் கொண்ட இரும்புப் பெட்டி ஒன்று 1625ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. ஒருவர் தனியே திறந்து எடுத்துவிடலாகாது என்பது அந்த ஏற்பாட்டின் கருத்து. ஐவரும் கூடித் திறந்து தவறான வழியில் செலவழிப்பதை எந்தப் பூட்டும் தடுக்கவில்லை. நிர்வாகிகளே நிதியைக் கடனாக எடுத்துத் திருப்பாமலிருந்த செய்திகள் பதினேழாம் நூற்றாண்டு முழுவதும் தொடர்கின்றன.

அந்நூற்றாண்டில் கடற்படை அலுவலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பீப்ஸ், இந்தப் பெட்டியின் ஊழல்களை விசாரிக்க 1662ஆம் ஆண்டில் ஏற்பட்ட குழுவில் ஒருவராயிருந்தார். அவருடைய நாட்குறிப்பு அக்கால மாலுமிக் குடும்பங்களின் நிலையைக் காட்டும் அரிய ஆவணமாகும். 1666ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டச்சுக்காரரிடம் சிறைப்பட்ட மாலுமிகளுக்காகப் பணம் கேட்டு முந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் அலுவலக முற்றத்தில் திரண்டு முறையிட்டதையும், சமைக்க வேண்டி வெளியே அனுப்பவிருந்த மான் இறைச்சிப் பண்டத்தை அவர்கள் நடுவே அனுப்பத் தம் மனைவி அஞ்சியதையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்நாளில் மாலுமிக்குச் சம்பளம் ரொக்கமாகக் கிடைப்பது அரிது. சீட்டு ஒன்று எழுதித் தரப்படும். அச்சீட்டைக் காசாக்குவதற்குள் பாதி மதிப்பை இடைத்தரகர் விழுங்கிவிடுவர். உயிரோடிருப்பவன் சம்பளமே இவ்வாறு அல்லற்பட்டுக் கிடைத்ததாயின், இறந்தவன் மனைவியின் கோரிக்கை எந்த வரிசையில் நின்றிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

டச்சுப் போர்களின் இறுதியில், 1670களில், அரச உபகாரம் என்னும் புதிய ஏற்பாடு தோன்றியது. எதிரியோடு பொருது மாண்ட மாலுமியின் மனைவிக்கு ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம் ஒரே தொகையாகக் கொடுக்கப்பட்டது. மனைவி இல்லையெனில், ஐம்பது வயது கடந்த ஏழைத் தாய் அதைப் பெறலாம். மாலுமியின் சொந்தப் பணமாயல்லாமல் அரசின் பணமாக வந்த முதல் ஈடு இதுவே எனலாம். ஆயினும் இந்தத் தர்மத்தின் வாசல் மிகக் குறுகியது. போரில் கொல்லப்பட்டவனுக்கே அது திறந்தது. 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரில் ஆங்கிலக் கடற்படையில் சண்டையில் மாண்டவர் 1,512 பேர் என்றும், நோயினால் இறந்தும் ஓடிப்போயும் குறைந்தவர் 1,33,708 பேர் என்றும் அக்காலக் கணக்கு ஒன்று கூறுகிறது. பீரங்கிக் குண்டுக்கு ஒரு விலையும், காய்ச்சலுக்கு வேறு விலையும் வைத்த சட்டம், பெரும்பாலான குடும்பங்களை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டது என்பது இக்கணக்கால் விளங்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் மிக விநோதமான ஏற்பாடு ஒன்றை இவ்விடத்தில் விரித்துக் கூற வேண்டும். 1733 முதல் ஒவ்வொரு போர்க்கப்பலின் பெயர்ப் பட்டியலிலும், நூறு ஆட்களுக்கு இருவர் வீதம், பிறவாத மாலுமிகளின் பெயர்களைச் சேர்த்து எழுதச் சட்டம் இடங்கொடுத்தது. இவர்கள் பாய் இறக்கியதில்லை, தளம் கழுவியதில்லை, ஒரு கவளம் உண்டதுமில்லை. ஆயினும் மாதந்தோறும் இவர்களுக்குச் சம்பளம் கணக்கிடப்பட்டது. அத்தொகை விதவைகள் நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. பொய்க்கணக்கு எழுதினால் தண்டிக்க வேண்டிய ராஜாங்கமே பொய்க்கணக்கு எழுத உத்தரவு போட்டதன் காரணம் யாதெனில், விதவைகளுக்கென்று பார்லிமெண்டில் ஒவ்வோராண்டும் தனியே பணம் கேட்பதைவிட, கப்பற்படைச் சம்பளத் தொகைக்குள்ளேயே அதை ஒளித்து வைப்பது எளிதாயிருந்தது. அதிகாரிகளின் சம்பளத்தில் பவுனுக்கு மூன்று பென்ஸ் பிடித்து இந்நிதியோடு சேர்த்தனர். இவ்வாறு திரட்டிய பணம் யாருக்குப் போயிற்று என்று பார்த்தால், கப்பல் அதிகாரிகளின் விதவைகளுக்கே போயிற்று. பாய்மரம் ஏறிய சாதாரண மாலுமியின் மனைவிக்கு அதில் உரிமையில்லை. இல்லாத மாலுமிகளின் பெயரால் நிதி திரட்டிய அரசு, இருந்து இறந்த மாலுமியின் குடும்பத்தை மறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இவ்வழக்கம் நீடித்தது.

1694ஆம் ஆண்டில் அரசன் வில்லியமும் அரசி மேரியும் சாசனம் அளித்து நிறுவிய கிரீனிச் மருத்துவ மனையின் கதையும் ஏறக்குறைய இதே போக்குடையது. முதிர்ந்த மாலுமிகளைக் காப்பதோடு, கடலில் இறந்தவரின் விதவைகளை ஆதரிப்பதும், பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் அதன் நோக்கங்களெனச் சாசனம் கூறிற்று. மாலுமிகளின் விதவைகளே அங்கே தாதியராக நியமிக்கப்பட்டனர். ஆனால் அதற்காகவும் 1696 முதல் மாதம் ஆறு பென்ஸ் மாலுமிகளிடமிருந்தே பிடிக்கப்பட்டது. அதிலும் கடற்படை மாலுமிகளோடு நில்லாமல் வணிகக் கப்பல் மாலுமிகளிடமும் பிடிக்கப்பட்டது. சரக்குக் கப்பலில் உழைத்தவன் பணம் கட்டினான்; பலன் பெரும்பாலும் போர்க்கப்பலில் உழைத்தவனுக்குச் சென்றது. இக்குறையை நீக்குவதாகச் சொல்லி 1747ஆம் ஆண்டில் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கென, கடலில் மூழ்கியோரின் விதவைகளையும் குழந்தைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட, தனி நிதி ஒன்றைப் பார்லிமெண்டு ஏற்படுத்தியது. அதற்கும் மூலதனம் மாலுமியின் இன்னோர் ஆறு பென்ஸே. கிரீனிச் பிடித்தம் வணிக மாலுமிகளின் தலையிலிருந்து 1834ஆம் ஆண்டில்தான் இறங்கியது. தனி நிதியோ வரவுக்கு மிஞ்சிய கடமைகளால் திவாலாகி 1851ஆம் ஆண்டில் சட்டத்தின் மூலம் மூடப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கட்டியவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு எஞ்சியது நினைவு ஒன்றே.

வணிக மாலுமியின் குடும்பத்தை வருத்திய மற்றொரு கொடுமை, சம்பளத்தைப் பற்றிய பழைய கடற் சட்டக் கோட்பாடாகும். கப்பல் சரக்கைக் கரை சேர்த்துக் கூலி ஈட்டினால்தான் மாலுமிக்குச் சம்பளம் உண்டு. கப்பல் மூழ்கினால், அதுவரை உழைத்த மாதங்களின் சம்பளமும் அதனுடன் மூழ்கும் என்று நியாயஸ்தலங்கள் தீர்ப்பளித்து வந்தன. கப்பலைக் காக்க மாலுமிகள் உயிரைக் கொடுத்து உழைக்க வேண்டுமானால் இத்தகைய பயம் அவர்களுக்கு அவசியம் என்பது நீதிபதிகளின் வாதம். முதலாளிக்குக் காப்புறுதி இருந்தது, மாலுமிக்கு எதுவும் இல்லை என்பது அவர்கள் கண்ணிற் படவில்லை போலும். 1854ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டமே இக்கோட்பாட்டை ஒழித்து, கப்பல் உடைந்த நாள் வரை உள்ள சம்பளத்துக்கு உரிமை வழங்கியது. அச்சட்டத்துக்கு முன்னும் பின்னும், சட்டம் கைவிட்ட இடத்தில் சகமாலுமிகளே கைகொடுத்தனர். பயணத்தின் நடுவில் ஒருவன் இறந்தால் அவனுடைய உடுப்புகளையும் பெட்டியையும் பாய்மரத்தின் அடியில் ஏலம் போட்டு, ஒரு ஷில்லிங் பெறாத சட்டைக்குப் பல ஷில்லிங் கேட்டு வாங்கி, அப்பணத்தை அவன் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் கப்பல்களில் நெடுங்காலம் இருந்தது. 1782ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் தேதி ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டிருந்த ராயல் ஜார்ஜ் என்னும் போர்க்கப்பல், பழுது பார்ப்பதற்காகச் சாய்க்கப்பட்டிருந்த வேளையில் மூழ்கி ஏறக்குறைய தொள்ளாயிரம் பேர் மாண்டபோதும், லாயிட்ஸ் காப்பிக்கடையில் கூடிய வணிகர்களின் வசூலே குடும்பங்களுக்கு முதல் ஆதரவாயிற்று.

இனி அத்தாட்சி என்னும் கேள்விக்கு வருவோம். ஏழாண்டு செய்தி இல்லாதவன் இறந்தவனாகக் கருதப்படுவான் என்னும் விதி நம் நாட்டில் எல்லோரும் அறிந்தது. அவ்விதி கடல் கடந்து போனவர்களைப் பற்றியே பிறந்தது என்பது பலரும் அறியாதது. 1604ஆம் ஆண்டின் இருதார மணச் சட்டம், கணவனோ மனைவியோ ஏழாண்டு கடல் கடந்து வாழ்ந்தால் மறுமணம் செய்துகொண்டவருக்குத் தண்டனை இல்லை என்றது. 1666ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, ஒருவர் ஆயுளை எல்லையாக வைத்துக் குத்தகைக்கு விடப்பட்ட நிலத்தில், அந்த ஆசாமி கடல் கடந்துபோய் ஏழாண்டு திரும்பாவிட்டால் இறந்தவராகக் கொள்ளலாம் என்றது. கவனிக்க வேண்டியது யாதெனில், முதற் சட்டம் தண்டனையிலிருந்து விலக்கு அளிக்க எழுந்தது. இரண்டாவது, நிலச்சுவான்தார் தம் நிலத்தை மீட்டுக்கொள்ள எழுந்தது. பசித்திருக்கும் ஒரு விதவை எத்தனை ஆண்டு காத்திருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்த்து வகுத்த கணக்கன்று அந்த ஏழு. அவளை எண்ணி வகுத்த விதி மிகப் பிந்தியே வந்தது: துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பலைப் பற்றிப் பன்னிரண்டு மாதம் யாதொரு தகவலும் இல்லையெனில், அது தன் ஆட்கள் அனைவரோடும் மூழ்கியதாகக் கொண்டு சம்பளப் பாக்கியை வசூலித்துக் கொடுக்கலாம் என 1894ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் தெளிவாக விதித்தது. ஏழாண்டு ஓராண்டாகக் குறைந்த அந்த ஷரத்து, மாலுமிக் குடும்பங்களுக்குக் கிடைத்த மாபெரும் சகாயங்களில் ஒன்று.

ஆனால் சம்பளப் பாக்கி வேறு, உயிருக்கு ஈடு வேறு. தொழிலாளருக்கு முதலாளி பொறுப்பு என்னும் கொள்கையை இங்கிலாந்து ஏற்ற 1880ஆம் ஆண்டுச் சட்டமும், விபத்துக்கு நஷ்டஈடு விதித்த 1897ஆம் ஆண்டுச் சட்டமும் மாலுமியை வெளியே நிறுத்தின. அபாயம் மிகுந்த தொழில் என்பதே அவனைச் சேர்க்காததற்குக் காரணம் போலாயிற்று. 1906ஆம் ஆண்டுச் சட்டமே அவனையும் சேர்த்துக்கொண்டு, மரணத்துக்கு மூன்றாண்டுச் சம்பளம் அல்லது 150 பவுன், இவற்றுள் கூடியதை, 300 பவுனுக்கு மேற்படாமல் கொடுக்க வேண்டும் என்றது. ஆறாண்டு கழித்து, 1912 ஏப்ரல் 15இல் டைட்டானிக் மூழ்கியபோது இச்சட்டம் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. மாண்ட சிப்பந்திகளில் சௌதாம்ப்டன் ஊரைச் சேர்ந்தவர் மட்டும் 500க்கு மேற்பட்டோர்; அவர்கள் சம்பளம் கப்பல் மூழ்கிய அன்றே நின்றது. சட்டப்படி ஈடு கிடைத்தது. பொதுமக்கள் நன்கொடையும் நாலு லட்சம் பவுனுக்கு மேல் குவிந்தது. அந்நன்கொடையைப் பங்கிட்டவர்களோ விதவைகளை ஏழு வகுப்பாகப் பிரித்து, அதிகாரியின் மனைவிக்கு வாரம் இரண்டு பவுனும், அடுப்புக்குக் கரி தள்ளியவன் மனைவிக்குப் பன்னிரண்டரை ஷில்லிங்கும் அளந்தனர். பெற்றவர்களின் நடத்தையைக் கண்காணிக்கச் சீமாட்டிகளையும் அனுப்பினர். கடைசி வரை வாத்தியம் வாசித்த இசைக்குழுவினர் லிவர்ப்பூல் தரகர் ஒருவர் மூலம் அமர்த்தப்பட்டவர்கள் என்பதால், அவர்கள் கப்பல் கம்பெனியின் தொழிலாளரல்லர் என்று நியாயஸ்தலம் அவர்களுடைய குடும்பத்தாரின் வியாஜ்யத்தைத் தள்ளிவிட்டது. அவர்களுள் ஒருவருடைய தந்தைக்கு, மகனின் சீருடைப் பாக்கிக்கான பில் வந்து சேர்ந்தது.

இவ்வரிசையின் கடைசியில் நின்றவர் நம் நாட்டு மாலுமிகள். லஸ்கர் என்றும் கலாசி என்றும் அழைக்கப்பட்ட இந்தியக் கப்பலாட்கள், முதல் உலகப் போர் மூண்டபோது ஆங்கிலக் கப்பல்களில் 50,000க்கு மேல் இருந்தனர். சராங்கு என்னும் மாலுமித் தலைவன் மூலம் ஆள் சேர்க்கப்பட்டு, தனி ஒப்பந்தத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த இவர்களின் சம்பளம் வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. சம்பளத்தைக் கொண்டு அளக்கப்படும் ஈடும் அதே அளவில் சுருங்கியது. அப்போரில் மாண்ட லஸ்கர்கள் 3,400க்கு மேற்பட்டவர். அவர்களுள் வங்காளம், அஸ்ஸாம் முதலிய பகுதிகளைச் சேர்ந்த 896 பேருக்காக 1924ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஹூக்ளி நதிக்கரையில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் மாலுமிகளுக்கெனத் தனிப் பிரிவு வகுத்து, ஆட்கள் அனைவரோடும் மூழ்கியதாகக் கருதப்படும் கப்பல் விஷயத்தில் பதினெட்டு மாதத்துக்குள் கோரிக்கை செய்யலாம் என்றது. இரண்டாம் உலகப் போரில் ஆங்கில அரசு வணிக மாலுமிகளையும் படைவீரரோடு சேர்த்து 1939ஆம் ஆண்டுச் சட்டத்தால் உபகாரச் சம்பளத்துக்கு உரியவராக்கியது. கப்பல் மூழ்கியதும் வேலையும் முடிந்தது என்னும் பழைய முறையை 1941 மே மாதத்தில் மாற்றியது. அப்போரில் அவ்வணிகக் கப்பல்களில் உயிரிழந்தோர் ஏறக்குறைய 30,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 6,000 இந்திய மாலுமிகளின் பெயர்கள் பம்பாயிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

ஏழாண்டு விதி 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இடம்பெற்று, அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. பன்னிரண்டு மாத விதியை 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டமும் தழுவிக்கொண்டது. எனவே பதிவு பெற்ற கப்பலின் மாலுமிக்கு ஓர் ஆண்டும், மீன்பிடிக்கப் போனவனுக்கு ஏழு ஆண்டும் என்னும் பேதம் நம் கரையில் நிலைத்துவிட்டது. 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பின் ஏழாண்டு விதி தளர்த்தப்பட்டது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய குமரி மாவட்டக் கடலோர ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன மீனவர் பலர் திரும்பாதபோது, அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் அறிவித்தது. உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்கள் மறுபடியும் இறப்புச் சான்றிதழ் என்னும் வாசலில் நின்று மன்றாடின. விசாரணை நடத்தி ஏழாண்டுக் காத்திருப்பை நீக்கிய பின்னரே பணம் அவர்கள் கைக்கு வந்தது.

நாலு நூற்றாண்டு வரலாறு தரும் முடிவு இதுவே: ஈட்டுத் தொகை காலந்தோறும் உயர்ந்தது, உரிமை பெற்றோர் வட்டமும் மெல்ல விரிந்தது, ருசுவின் சுமையோ இன்னும் விதவையின் தலையிலேயே இருக்கிறது. பேரிடர் நேரும்போதெல்லாம் தனி உத்தரவு போட்டு விதியைத் தளர்த்துவது கருணை. கருணை அடுத்த முறை வராமலும் போகலாம். பெரும்புயலில் நூறு பேர் போனால் நாடு அறிகிறது; சாதாரண நாளில் ஒரு வள்ளத்தோடு இருவர் போனால், அவர்கள் குடும்பத்துக்காகத் தனி உத்தரவு போடுவார் யாருமில்லை. படகு புறப்பட்ட நாளையும் அதில் ஏறியவர் பெயர்களையும் துறைமுகத்திலேயே பதிந்து வைத்து, கப்பல் மாலுமிக்குள்ள பன்னிரண்டு மாத விதியை மீனவனுக்கும் உரிய நிரந்தரச் சட்டமாக்குவது சட்டசபைகளுக்கு அரிய காரியமன்று. அதைச் செய்யுமாறு கேட்பது கரையில் வாழும் நம் அனைவருடைய கடமையாகும்.